நீலம் இல்லாத பெட்ரோல்

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இங்க வந்தே?"

அக்கா போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்துகொண்டது. வாசலில் நின்ற தம்பி, யூனிபார்ம் இருந்த பையை நீட்டினான்.

"இதை மாமாகிட்ட குடுத்துடுக்கா."

"பெட்ரோல்ல ஓடற குட்டி விமானத்துல ஜெட் எண்ணெயை ஊத்தியிருக்கியே, பாவி! கிளம்புறதுக்கு முன்னாடி பைலட் டேங்க்குலேருந்து கொஞ்சம் பிடிச்சுப் பார்த்தாரு, பொழைச்சுது. நீலமா இருக்க வேண்டிய விமானப் பெட்ரோல் தண்ணி மாதிரி இருந்துச்சாமே? மேல போய் இன்ஜின் நின்னிருந்தா நாலு உயிருடா!"

"தப்புதான்க்கா."

"ஜெட் குழாயோட முனை அகலம், குட்டி விமானத்து டேங்க்குல நுழையவே நுழையாதுன்னு பீத்திக்கிட்டியே? இப்ப எப்படி நுழைஞ்சுது?"

"ஹெலிகாப்டருக்காக சின்ன முனை மாட்டியிருந்துச்சு. அதைக் கழட்ட மறந்துட்டேன்."

"சோறு திங்க மறந்தியா? சொந்த மச்சான்னுகூடப் பார்க்காம வேலையை விட்டுத் தூக்கினாரே உங்க மாமா, அவர் மனுஷன்!"

அந்த மனுஷன் உள்ளே பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எரிபொருள் பிரிவுக்கே அவர்தான் மேலாளர்.

தம்பி பல்லைக் கடித்துக்கொண்டான். அன்றைக்கு ஆள் பற்றாக்குறை. சின்ன முனையை மாட்டியதும் மாமாதான், அவசரத்தில் அதே ஜெட் எண்ணெய் வண்டியைக் குட்டி விமானத்துப் பக்கம் ஓட்டிப்போய் ஊற்றியதும் மாமாதான். ஊற்றியது யார் என்று பைலட் பார்க்கவில்லை.

மறுநாள் விசாரணைக்குப் போகும்முன் மாமா அவனைக் கிடங்குக்குப் பின்னால் கூட்டிப்போய், கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"உங்க அக்காவுக்கு மட்டும் தெரியக் கூடாதுடா. என்மேல உசிரையே வச்சிருக்கா, தாங்க மாட்டா. நீ ஒத்துக்கிட்டா அவ பொழைச்சுக்குவா."

தாயில்லாத பிள்ளையை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அக்கா. அவளுக்காகத் தலையாட்டிவிட்டான். இனி எந்த விமான நிலையமும் அவனை வாசலில்கூட நிற்க விடாது. போகட்டும், அக்கா நிம்மதியாக இருந்தால் போதும் என்று நினைத்தான்.

"இனிமே இந்தப் பக்கம் தலைகாட்டாதே!"

கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

தம்பி பக்கத்துச் சந்தில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டரை எடுக்கப் போனான். சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம்தான் இருந்தது.

"பாவம், ரொம்பத் திட்டிட்டே." மாமாவின் குரல்.

"தெருவுக்குக் கேக்க வேணாமா?" அக்கா சாவகாசமாகப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "அக்காவுக்குத் தெரியக் கூடாதுன்னு சொல்லுங்க, மறுபேச்சு இல்லாம பழியை ஏத்துக்குவான்னு அன்னிக்கு ராத்திரியே நான் சொன்னேனா இல்லையா?"