சூடான எஞ்சின்

டார்லிங்டன் தேவாலயக் கூடத்தில் நடந்த மாதிரி ரயில் கண்காட்சியில், நீராவி எஞ்சினுக்கான முதல் பரிசு ஆல்ஃப் தர்ஸ்பிக்குக் கிடைத்தது. உண்மையில் அந்த எஞ்சினைப் பதினோரு வருடம் உட்கார்ந்து செய்தவர் அவருடைய நண்பர் வில்ஃப். வில்ஃப் இறந்ததும் அவர் மனைவி நோரா, பத்திரமாக இருக்கட்டும் என்று அதை ஆல்ஃபிடம் கொடுத்திருந்தாள். அடியில் பொறித்திருந்த வில்ஃபின் பெயரை அரத்தால் ராவிவிட்டு, ஆல்ஃப் தன் பெயரில் போட்டிக்கு வைத்துவிட்டார்.

நோரா வருவாள் என்று அவர் நினைக்கவில்லை. வந்தவள் பெயர்ச்சீட்டைப் படித்தாள்.

"தொட்டுக்கட்டுமா, ஆல்ஃப்?"

தலையசைத்தார். அவள் கொதிகலன்மேல் கை வைத்தாள்.

"சூடா இருக்கே! இப்பதான் ஓட்டினீங்களா?"

"இன்னிக்கு ஓட்டவே இல்ல, நோரா. உள்ள தண்ணியும் இல்ல, நெருப்பும் இல்ல. வெறும் பித்தளை."

"வில்ஃப் கை மாதிரியே இருக்கு" என்றபடி உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"நோரா, இது வந்து..."

"எனக்குத் தெரியாதா, ஆல்ஃப்?" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அவள் டீ மேஜைப் பக்கம் போய்விட்டாள்.

மாலைவரை எஞ்சினைத் தொட்டவர்களெல்லாம், "அட, சுடுதே!" என்று கையை உதறினார்கள். ஆல்ஃப் இரண்டு கைகளையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். அவருக்கு மட்டும் அது சில்லிட்டே இருந்தது.