திருப்பித் தரப்படமாட்டாது

"இன்னிக்கு ஒரு பேக்கேஜாவது போகலைன்னா, நாளையிலேருந்து நீ வீட்டிலேயே இருந்துக்கோ மஞ்சுஷா."

செல்போனைக் காதில் வைத்தபடியே முதலாளி ஜிதின் இதைச் சொல்லிவிட்டுப் போய் இரண்டு மணி நேரமாகிவிட்டது. ஒருவரும் வரவில்லை.

கர்க்கடக மாதத்து அடைமழை. கொச்சி ஜூ டவுன் தெருவில் மருந்துக்குக்கூட ஒரு வெள்ளைக்காரர் கிடையாது. எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடும் இந்த உழிச்சில் கடை, இந்த ஒரு மாதம் ஊர்க்காரர்களை நம்பித்தான் ஓடியாக வேண்டும். அதற்காகத்தான் வாசலில் புதுப் பலகை: 'பதினாலு நாள் எண்ணெய் உழிச்சில். முன்பணம் கட்டினால் பத்து நாள் காசு போதும்.'

குடையை உதறிக்கொண்டு ஒரு பெரியவர் உள்ளே வந்தார். மஞ்சுஷாவுக்கு அவரைத் தெரியும். வாஞ்சிநாதன். கொச்சங்காடிக் கிடங்கில் மிளகுத் தரம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவள் அம்மா அழகம்மாளின் காய்க்கடையில் கறிவேப்பிலை கொசுறு வாங்காமல் நகரவே மாட்டார்.

"வாங்க ஸ்வாமி. முதுகு வலியா?"

"தோளாக்கும்."

இடது ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. வலது கை விரலை எண்ணெய்க் கிண்ணத்தில் தொட்டுத் தேய்த்து, மிளகை முகர்வது போலவே முகர்ந்தார்.

"ஒரு நாள் வரலைன்னா அதை அப்புறம் சேர்த்துப்பேளோ?"

"இல்லை ஸ்வாமி. வராத நாள் போனதுதான்."

இந்த இடத்தில் எல்லோரும் சண்டைக்கு வருவார்கள். இவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"பத்தியம் உண்டோ?"

"உண்டு. உழிச்சில் பதினாலு நாள், அது முடிஞ்சு ஓய்வு பதினாலு நாள். கனம் தூக்கக்கூடாது. பச்சைத் தண்ணியில கை வைக்கக்கூடாது. குனிஞ்சு நிமிர்ந்து ஒரு வேலை செய்யக்கூடாது."

பெரியவரின் முகம் மலர்ந்துவிட்டது.

"மொத்தம் இருபத்தெட்டு நாளா! இதைக் கடிதாசில எழுதி, சீல் வெச்சுத் தருவேளோ? எங்காத்துல என் வாய் வார்த்தைக்கு மதிப்பில்லை, கேட்டியோ."

மஞ்சுஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் அப்பா பாலையாவும் இப்படித்தான். முனிசிபாலிட்டியில் ரிட்டையர் ஆன நாளாக, எந்த உழிச்சிலும் இல்லாமலே பத்தியம் இருக்கிறார். கட்டிலில் படுத்தபடி சாயா கேட்பார், அம்மா கொண்டுபோய்க் கொடுப்பாள். ஆனால் அவர்கூட சீல் கேட்டதில்லை.

"ஆமா, யாராக்கும் தடவறது?"

"சஜி சேட்டன். நல்ல கைப்பலம் ஸ்வாமி."

"சேட்டனோ?" பெரியவர் உள்ளறையை எட்டிப் பார்த்தார். "பொம்மனாட்டி யாரும் இல்லையோ?"

மஞ்சுஷாவின் பேனா நின்றது. தலையில் ஒரு கறுப்பு முடி கிடையாது. ஆசையைப் பார்!

"அம்பிளின்னு ஒருத்தி இருக்கா" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ரொம்ப நல்லதாச்சு. சரி, உள்ளதைச் சொல்லு கொழந்தே. பதினாலு நாளுக்கும் மொத்தமாக் கட்டினா முதலாகுமோ, நஷ்டம் வராதே?"

ஆகும் என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை நிலைக்கும். ஆனால் இந்த மனுஷனுக்கு இருபத்தெட்டு நாள் மெத்தை போட்டுக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"ஆகாது ஸ்வாமி. பாதிப் பேர் நாலாம் நாளே நின்னுடறாங்க. மிச்சக் காசு எங்களுக்கு லாபம். ஒரு நாளைக்கு மட்டும் கட்டிப் பாருங்க, போதும்."

வேலை போயிற்று. இருந்தாலும் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"நடுவுல நின்னுட்டா காசு திரும்பக் கிடைக்காதோ?"

"சல்லிக்காசு கிடைக்காது."

"ஒருத்தர் பேர்ல கட்டிட்டு இன்னொருத்தர் வரலாமோ?"

"அதுவும் நடக்காது."

"பேஷ்! அப்போ பதினாலே போடு. பேர், கமலாக்ஷி."

"யாரு கமலாக்ஷி?"

"என் ஆத்துக்காரி. பின்னே, இந்த மழையில நானோ வந்து எண்ணெயில வழுக்கப்போறேன்?"

மஞ்சுஷாவுக்குக் காது சுட்டது. உண்மையிலேயே மனசு கேட்காமல் சொன்னாள்: "ஸ்வாமி, மாமி நடுவுல நின்னுட்டா நஷ்டம்தானே? அன்னன்னிக்குக் காசு கட்டினா உங்களுக்கு மிச்சமாகுமே?"

"அதான் ஆகாது. மூணு மாசமா அவளுக்கு வலது கை தோளுக்கு மேலே எழும்பலை. தலை வாரிக்க முடியலை. டாக்டர் ஓய்வெடுன்னா, இடது கையால மாவாட்டறா. அன்னன்னிக்குக் காசுன்னா, முதல் நாளே வலி போயிடுத்துன்னு சொல்லிக் கரண்டியைப் பிடிச்சுப்பா. ஆள் மாத்தலாம்னா, என்னைப் பிடிச்சு இங்கே தள்ளிடுவா."

"அப்போ இருபத்தெட்டு நாள் சமையல்?"

வாஞ்சிநாதன் பிளாஸ்திரி விரலை உயர்த்திக் காட்டினார்.

"அவ கோவிலுக்குப் போற நேரமாப் பார்த்துக் கத்தி பிடிச்சுப் பழகிண்டிருக்கேன். புடலங்காய் வரைக்கும் வந்தாச்சு. சேனைக்குத்தான் இன்னும் தைரியம் வரலை."

பத்தியத்தையெல்லாம் வரிசையாக எழுதி, கேட்காமலே இரண்டு சீல் குத்தி, பணம் கட்டிய சீட்டோடு சேர்த்து நீட்டினாள் மஞ்சுஷா. பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீட்டை ஒவ்வொரு வரியாகத் தரம் பார்த்தார். கடைசி வரியில் விரல் நின்றது. முகம் சுருங்கியது.

"இதென்ன, 'பணம் திருப்பித் தரப்படமாட்டாது'ங்கறதை மட்டும் இங்கிலீஷ்ல இத்தனை பொடியாப் போட்டிருக்கேள்? மலையாளத்துல, சிவப்பு மையில, பெரிசா எழுதிக் கொடு கொழந்தே. முப்பத்தாறு வருஷமா ஒரு கறிவேப்பிலைக் காம்பைக்கூட வீணாக்காதவளாக்கும் அவ. அதைப் படிச்சாத்தான் பதினாலு நாளும் வந்து படுப்பா."