நாற்பது விநாடி எக்ஸ்ரே

"எழுவத்திரெண்டு வயசுல எக்ஸ்ரேக்குப் பயமாப்பா?" என்றான் லிங்கராஜ்.

நல்லக்கண்ணு ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். தலைமாட்டுத் திரை, நாடித்துடிப்பு முப்பத்தெட்டு என்று காட்டியது.

"ஆமா, பயந்தான்."

பேஸ்மேக்கரை இன்றே வைத்துவிடலாம் என்றிருந்தார் டாக்டர். எக்ஸ்ரேயில் பார்த்துப் பார்த்துக் கம்பியை இதயத்துக்குள் கொண்டுபோகும் வழக்கமான முறை அது. இன்னொரு முறையும் உண்டு. நெஞ்சிலும் முதுகிலும் பட்டைகளை ஒட்டினால், கம்பி போகிற வழி கம்ப்யூட்டரில் வரைபடமாகத் தெரியும். எக்ஸ்ரே அவ்வளவாகத் தேவைப்படாது. ஆனால் அந்தக் கருவி தூத்துக்குடிக்கு வந்து சேர இரண்டு நாள் ஆகும்.

"ரெண்டு நாள் கெடக்கேன்" என்றுவிட்டார் நல்லக்கண்ணு.

"அம்பது வருசமா பீடி குடிச்சீய. அப்ப வராத பயம் இப்ப வந்திட்டோ? நடுவுல நாடி நின்னுட்டா என்ன செய்ய?"

"ஏலே, அவுகளைத் திட்டாத" என்று ஆரம்பித்த அம்மா சீனித்தாயை இருமல் பிடித்துக்கொண்டது. முந்தானையை வாயில் வைத்தபடி வெளியே போய்விட்டாள்.

லிங்கராஜ் ஊருக்குப் போன் போட்டான். உடன்குடியில், பனங்காட்டுக் கொட்டகையில், அவன் மனைவி பிரேமா கருப்பட்டிக்குப் பதனீர் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"உசுரு மேல அவ்வளவு ஆசை பிரேமா இந்த மனுசனுக்கு. நாங்க பயந்து சாவுறோம், அந்த நெனைப்பே இல்ல."

மறுநாள் திரையில் நாடி முப்பத்துநாலுக்கு இறங்கியது. லிங்கராஜ் அப்பாவோடு பேசவே இல்லை.

மூன்றாம் நாள் காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து டாக்டர் வந்தார்.

"நல்லபடியா முடிஞ்சுது. எக்ஸ்ரே மொத்தமே நாப்பது செகண்டுதான். நாடி இப்ப அறுபது."

லிங்கராஜ் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தான். சீனித்தாய் அழுதுகொண்டே சிரித்தாள்.

உள்ளேயிருந்து நர்ஸ் முத்துமாரி வந்தாள்.

"அப்பாவுக்கு இனி நிம்மதி" என்றான் லிங்கராஜ். "எக்ஸ்ரேன்னா அவ்வளவு பயம்."

"தாத்தாவுக்கா? போன வாரம் ஆஞ்சியோ எடுக்கையில பயப்படவே இல்லையே அண்ணாச்சி. நான் போட்டிருந்த ஈய அங்கியப் பாத்து, இது என்னத்துக்கு தாயின்னு கேட்டாவ. எக்ஸ்ரே படாம இருக்க. ஆனாலும் கொஞ்சம் படத்தான் செய்யும்னேன்."

"அப்ப பயந்திருப்பாவ."

"இல்ல. 'அப்ப என்னைய என்ன செய்யும் தாயி'ன்னுதான் கேட்டாவ. இந்த வயசுல ஒண்ணு ரெண்டு தடவை பட்டா உங்களுக்கு ஒண்ணும் செய்யாது தாத்தா, நாங்கதான் தெனமும் நிக்கோம்னேன்."

முத்துமாரி கையுறையைக் கழற்றினாள்.

"இப்ப எதுக்கு ரெண்டு நாள் காத்துக் கெடந்தீயன்னு கேட்டேன். அதுக்குச் சொன்னாவ: 'கருப்பட்டி வாங்க வாரவன் ஒருநாள் புகையில நின்னுட்டுப் போயிருதான். காய்ச்சுதவ தெனமும் நிக்கா. என் வீட்டுக்காரி நெஞ்சு அப்படித்தான் போச்சு, நான் கண்டுக்கிடல. எனக்காவ நீ நிக்கதாவது கொறையட்டும்.'"

லிங்கராஜ் அம்மாவைப் பார்த்தான். பிறகு போனை எடுத்தான்.

"பிரேமா, அப்பா நல்லாருக்காவ. நீ அடுப்ப அணைச்சிட்டு வெளிய வா. நான் வந்து கூரையில புகை போக வழி வச்சபெறவு மூட்டுவோம்."