இடது பெடல்

மக்காய் ஊருக்குப் பக்கத்துக் கரும்பாலையில் நானும் வெல்லாவும் ஒரே ஷிப்ட். ஆலை உருளை அவனுடைய இடது காலைத் தொடையோடு எடுத்துக்கொண்டது. பிறகு ஒற்றைக் காலால் சைக்கிள் ஓட்டப் பழகி, ஒற்றைக்கால்காரர்களின் மாநிலப் பந்தயம் வரை வந்துவிட்டான். சோதனை ஓட்டத்தின் கணக்கை மதியத்துக்குள் தேர்வுக்குழுவுக்கு அனுப்ப வேண்டும்.

மிதிக்கும் பலத்தை அளக்கும் சென்சார் பெடல்கள் ஜோடியாகத்தான் வரும். அதனால் சும்மா இருக்கும் இடது பெடலும் மாட்டியிருந்தது. என் போன் திரையில் வலது ஐம்பது சதவீதம், இடது ஐம்பது சதவீதம் என்று வந்தது.

"ரெண்டு கால்காரன்னு வெளிய தள்ளிடுவானுங்கடா," என்றான் வெல்லா.

"எங்கயாவது ஒண்ண ஒளிச்சு வச்சிருக்கியா?"

அவன் சிரிக்கவில்லை.

பேட்டரியை மாற்றினேன். கரும்புத் தூசியைத் துடைத்தேன். அளவைப் பூஜ்யத்தில் வைத்துப் பார்த்தேன். மறுபடியும் ஐம்பதுதான். கடைசியில் இடது பெடலையே கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இப்ப மேட்டுல ஏறிப் பாரு," என்றேன்.

அவன் ஏறினான். என் உள்ளங்கையில் பெடல் அழுந்தியது, விட்டது, மறுபடி அழுந்தியது. அவன் வேகம் கூடக்கூட அதுவும் வேகமாக அழுந்தியது.

உச்சியில் வலது காலைத் தரையில் ஊன்றி நின்றான்.

"சரியாயிடுச்சாடா? சரின்னா கையத் தூக்கு," என்று அங்கிருந்தே கேட்டான்.

பெடல் இருந்த கையைத் தூக்கப் பார்த்தேன். அதன்மேல் ஊன்றியிருந்த பாரம் விடவில்லை.