கார்டுக்குச் சொந்தக்காரர்

"இந்த மனுதாரர் நுகர்வோரே அல்ல" என்று கடை மேனேஜர் படித்ததும் சொர்ணத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

அடக்கிக்கொண்டாள். இடம் திருவள்ளூர் நுகர்வோர் மன்றம். மேடையில் மூன்று பேர். நடுவில் இருந்த பெரியவர்தான் தலைவர், ரிட்டயரான நீதிபதியாம். சொர்ணத்தின் மடியில் ஒரு கட்டைப்பை. பைக்குள் கருகிப்போன மிக்ஸி.

வக்கீல் வேண்டாம், வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தாலே கேட்பார்கள் என்று ரயிலில் ஒரு டீச்சரம்மா சொன்னதை நம்பி, கொரட்டூரிலிருந்து தனியாளாக மல்லுக்கட்ட வந்திருந்தாள்.

வாங்கிய மூன்றாம் நாள், தேங்காய்ச் சட்னிக்கு ஓடவிட்டபோது சட்னி வருவதற்கு முன்னால் புகை வந்துவிட்டது. கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். முதலாளி பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மஞ்சள் கொம்பைப் போட்டு அரைத்திருப்பாய் என்றார். அவள் சாமி மேல் சத்தியம் செய்தும் கேட்கவில்லை.

"கார்டு யார் பேர்ல கீதோ அந்தாளை வரச்சொல்லு. நீ யாரும்மா கேக்கறதுக்கு?"

மிக்ஸி போனதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். இந்தக் கேள்வியைத்தான் பொறுக்க முடியவில்லை. அடுப்படியில் நிற்கிறவள் கேட்காமல் வேறு எவன் வந்து கேட்பானாம்?

அந்த முதலாளி இன்றைக்கு வரவில்லை. வக்கீலிடம் பதிலை எழுதி வாங்கி, மேனேஜர் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

மேனேஜர் விட்ட இடத்திலிருந்து படித்தார். "பொருளுக்கான தொகை கிரெடிட் கார்டு மூலம் செலுத்தப்பட்டது. அந்த கார்டு திரு. ஜானகிராமன் என்பவர் பெயரில் உள்ளது. பணம் செலுத்திய சீட்டில் உள்ள கையெழுத்தும் அவருடையதே. மனுதாரர் பணமும் கொடுக்கவில்லை, கையெழுத்தும் இடவில்லை. எனவே இந்த மனுவைத் தள்ளுபடி செய்ய வேண்டும்."

படித்து முடிப்பதற்குள் மனுஷன் நாலு இடத்தில் தடுமாறிவிட்டார். சொர்ணம் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். பார்த்தால் மனசு இளகிவிடும். இன்றைக்கு இளகக் கூடாது.

தலைவர் அவளிடம் கேட்டார். "ஜானகிராமன் யாரும்மா?"

"என் ஊட்டுக்காரருங்க."

"அவரே மனு போட்டிருக்கலாமே?"

"அவருக்குக் கொஞ்சம் சங்கடம்ங்க. ஆனா மிக்ஸி எனக்குன்னுதான் வாங்கினாரு."

தலைவர் தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டினார். மன்றம் முழுக்க அந்தப் பக்கத்துக்காகக் காத்திருந்தது. சொர்ணம் பையின் காதுகளை இறுகப் பிடித்துக்கொண்டாள். தள்ளுபடி என்று சொல்லிவிட்டால், நீ யாரும்மா என்ற கேள்விக்குச் சர்க்கார் முத்திரையே குத்தியமாதிரி ஆகிவிடும்.

"காசா குடுத்தாலும் சரி, கார்டைத் தேய்ச்சாலும் சரி, வாங்கினது வாங்கினதுதான்" என்றார் தலைவர். "வாங்கினவர் மட்டும் நுகர்வோர் இல்லை. அவர் சம்மதத்தோட அந்தப் பொருளைப் பயன்படுத்தறவங்களும் நுகர்வோர்தான். சட்டத்துலயே இருக்கு."

சொர்ணத்துக்கு எழுந்து குதிக்கலாம் போலிருந்தது.

"ஆனா சம்மதம் இருந்துச்சுன்னு உங்க வீட்டுக்காரர் வந்து சொல்லணும்மா. அதுக்கு ஒரு வாய்தா போடலாமா?"

வாய்தா என்றதும் மேனேஜருக்கு உயிர் வந்தது. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எதுக்குங்க வாய்தா? வந்துகீறாரே."

எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். அங்கே ஓடாத டேபிள் ஃபேனோடு ஒரு கிழவர் மட்டும் முறைக்காகக் காத்திருந்தார்.

"அவர் இல்லீங்க" என்று சொர்ணம் எதிர்ப் பக்கம் கையைக் காட்டினாள். "இவரு."

மேனேஜர் கைக்குட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"கடையில மேனேஜரு, ஊட்ல என் புருசன். கார்டு தேய்க்கிற மெஷின் கடைக்கு வந்தப்ப, பேங்க்காரங்க இவருக்கும் ஒரு கார்டு போட்டுக் குடுத்தாங்க. உன் பொண்டாட்டி இழுத்த வம்பு, நீயே போய் பதில் சொல்லுன்னு மொதலாளி அனுப்பிட்டாருங்க."

மன்றமே கொல்லென்று சிரித்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை மறைக்க அவருக்கு வேறு வழி இல்லை.

"என்ன மிஸ்டர் ஜானகிராமன், உங்க சம்மதத்தோடதான் இந்தம்மா மிக்ஸியைப் பயன்படுத்தினாங்களா?"

சிரிப்பு அடங்கிவிட்டது. அந்தத் தாளில் இருந்தது முதலாளியின் வார்த்தை. அதை மீறினால் அவர் வேலைக்கே உலைதான். என்ன சொல்லப்போகிறீர்கள் என்று வீட்டில் சொர்ணம் ஒருநாளும் கேட்கவில்லை, கேட்கப் பயம். காலையில் ஒரே ரயிலில்தான் வந்தார்கள். அவள் லேடீஸ் பெட்டி, அவர் வேறு பெட்டி.

ஜானகிராமன் தாளைப் பார்த்தார். பெண்டாட்டியைப் பார்த்தார். பிறகு தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் செருகினார்.

"முழு சம்மதம்ங்க ஐயா. புதுசை எவ்ளோ சீக்கிரம் குடுக்கச் சொல்றீங்களோ அவ்ளோ நல்லது. மிக்ஸி போன நாள்லேர்ந்து ஊட்ல அம்மில அரைச்சிகினு கீறது நான்தாங்க."