மாமாவுக்கு விருது

விருதுச் செய்தியோடு வானொலி நிலையத்தின் புதிய இயக்குநரே நேரில் வந்திருந்தாள். சின்ன வயதில் வானொலி மாமாவின் கதையைக் கேட்காமல் அவள் தூங்கியதே இல்லை. கதவைத் திறந்த பெரியவரைப் பார்த்ததும் கைகூப்பினாள்.

“மாமா, இந்தத் தடவையாவது நீங்க மேடை ஏறணும். இத்தனை வருஷமா ஒரு போட்டோகூட வெளியில விடலையே!”

“நிலையத்துலதான் கூடாதுன்னுட்டாங்களேம்மா.”

“ரேடியோவுல உங்க குரல் நல்ல கட்டையா இருக்கும். நேர்ல...”

“கீச்சுன்னு இருக்கா?” பெரியவர் சிரித்தார். “எனக்குக் கதையும் சொல்ல வராது. பெத்த பிள்ளையே பாதியில எழுந்து ஓடிடுவான்.”

அவள் திருதிருவென விழித்தாள்.

ஈரக்கையைத் துடைத்தபடி அவர் மனைவி உள்ளிருந்து வந்து தொண்டையைச் செருமினாள்.

“குழந்தைகளே, எல்லாரும் உட்கார்ந்தாச்சா?”

அதே கட்டைக் குரல். இயக்குநர் தன்னையறியாமல் உட்கார்ந்துவிட்டாள்.

“முதல் மாமா சொல்லாம கொள்ளாம வேலையை விட்டுட்டார். ஒரு நாளைக்குச் சமாளின்னு அங்க வேலை பார்த்த இவளை மாமா குரல்ல பேச உட்கார வெச்சாங்க,” என்றார் பெரியவர். “பொம்பளைன்னு தெரிஞ்சா நிகழ்ச்சி படுத்துடும், மூச்சு விடாதேன்னுட்டாங்க.”

“அப்போ அழைப்பிதழ்ல... யார் பேரைப் போடறது?”

“என் பேரைப் போடும்மா. நல்லாப் பெரிசா!”

இதைப் பெரியவரின் மனைவி தன் சொந்தக் குரலில் சொன்னாள்.