நேரில் வந்த பிள்ளை

சாட்சி நாற்காலியில் இருந்த குழந்தைகள் நல அதிகாரியின் சட்டைக் காலர் பின்பக்கம் மடங்கிக் கிடந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவுக்கு அது கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

அங்கிருந்து பார்த்தால் அவர் முதுகு மட்டும்தான் தெரியும். அவரும் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. எப்படித் திரும்புவார்? பின்னால் இருந்தவர்கள் எல்லாரும் காப்பகத்தில் பிள்ளைகளை விட்டுவிட்டு ஏமாந்த பெற்றோர்கள்.

அவளையும் அப்படி ஒருத்தி என்றே நினைத்துக்கொண்டார்கள்.

பக்கத்தில் இருந்தவள் நகர்ந்து இடம் கொடுத்தாள். தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "எனக்கு ரெண்டும் பொண்ணு. உங்களுக்கு என்னக்கா?" என்றாள்.

"பையன்."

"மனச விட்டுறாதீங்கக்கா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த அன்பை அம்மாவால் தாங்க முடியவில்லை. முந்தானையைச் சரிசெய்வது போலக் கையை உருவிக்கொண்டாள்.

பிள்ளைகளைச் சீரழித்த வார்டன் ஏற்கெனவே சிறையில் இருக்கிறான். இன்றைய விசாரணை அவனைப் பற்றியது இல்லை. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்த பெரிய மனிதர்கள் யார் யார் என்பதுதான் கேள்வி.

அதிகாரி விதியை எடுத்து விளக்கினார். பாதுகாவலர் கையெழுத்து இல்லாமல் எந்தப் புகாரையும் வாங்க முடியாதாம். காப்பகத்தில் சேர்க்கும்போதே பெற்றவர்கள் அந்த உரிமையை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் அத்தனை பிள்ளைகளுக்கும் பாதுகாவலர் வார்டன்தான்.

ஆக, வார்டன் மேல் புகார் சொல்ல வேண்டுமென்றால் அந்த வார்டனே கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாமல் வந்ததையெல்லாம், கையெழுத்து வாங்கி அனுப்பும்படி அதிகாரி காப்பகத்துக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார். யாருடைய பிள்ளை என்ன எழுதியிருக்கிறது என்று அவன் உட்கார்ந்து படித்திருப்பான்.

முன்வரிசையில் ஒரு அப்பா சத்தமாகச் சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையானது.

விசாரணைக் குழுவின் தலைவி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "கையெழுத்த விடுங்க. எந்தப் பிள்ளையாவது நேர்ல உங்ககிட்ட வந்து சொல்லிச்சா? நேர்ல வந்தா விசாரிக்கணும்னும் அதே விதியில இருக்கு."

எல்லாம் அந்தப் பதிலில்தான் இருந்தது. வரவில்லை என்றால் இவர் மேல் குற்றமில்லை, குற்றமெல்லாம் விதி மேல். விதியைப் பிடித்து உள்ளேயா போட முடியும்?

"இல்லீங்கம்மா. யாரும் வரல" என்றார் அதிகாரி, வாய் கூசாமல்.

வந்தது. ஒரு விடுமுறை நாள் மத்தியானம், காப்பகத்துச் சீருடையில், ஒரு பெண்பிள்ளை அவர் வீட்டு வாசலுக்கே வந்தது. அன்றைக்கு அந்த வீட்டில் சமையல் இந்த அம்மாதான். கையில் கரண்டியோடு ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

அந்தப் பிள்ளை அழவில்லை. மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பது போல வார்டன் செய்ததைச் சொன்னது. அதிகாரி உள்ளே வந்து காப்பகத்துக்குப் போன் போட்டார். கொஞ்ச நேரத்தில் வார்டனே வேனை ஓட்டிக்கொண்டு வந்தான். கதவைத் திறந்துவிட்டுச் சிரித்தான். அந்தப் பிள்ளை யாரும் சொல்லாமலே போய் ஏறி உட்கார்ந்துகொண்டது.

பிறகு அது காப்பகத்தை விட்டு ஓடிப்போய்விட்டதாகச் சொன்னார்கள். தேடுவதற்கும் அதற்கு ஆள் கிடையாது.

வேன் வந்துபோன அன்று அவள் அதிகாரியிடம் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தாள். ஆபீஸ் விஷயத்தில் தலையிட வேண்டாம் என்று பதில் வந்தது. தலையிடவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் சோறு ஒழுங்காக இறங்கவில்லை.

இப்போது சொல்லிவிட்டால் எங்கே போவது? அவளுக்கென்று இருப்பது அந்த ஒரு வீடு. சாப்பிட்டாயா என்று கேட்கவும் அங்கே ஒரே ஒரு ஆள்தான். இன்று காலையில்கூடக் கண் டாக்டரிடம் போவதாகப் பொய் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள்.

தலைவி கோப்பை மூடப் போனார்.

"வந்துச்சு!"

எழுந்து நின்ற பிறகுதான் கத்தியது தான் என்றே அவளுக்குத் தெரிந்தது. அந்தக் குரலைக் கேட்டதும் அதிகாரியின் முதுகு விறைத்தது. திரும்பவில்லை.

உதவியாளர் ஓடிவந்து மைக்கைக் கையில் கொடுத்தார். பக்கத்தில் இருந்தவள், "சொல்லுங்கக்கா, பயப்படாதீங்க" என்று இடுப்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எந்தப் பிள்ளைம்மா?" என்று தலைவி கேட்டார்.

"பேரு தெரியாதும்மா. அன்னைக்கு யாரும் கேக்கல, நானும் கேக்கல. இவரு வீட்டு வாசல்ல நின்னு எல்லாத்தையும் சொல்லிச்சு. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"அந்தப் பிள்ளைக்கு நீங்க என்ன வேணும்?"

"உறவு ஒண்ணும் இல்லம்மா. அதுக்குன்னு யாரும் இல்ல."

"அப்ப அன்னைக்கு அந்த வீட்ல நீங்க...?"

அதிகாரி மெல்லத் திரும்பினார். வேண்டாம் என்று தலையை அசைத்தார். கண் கலங்கியிருந்தது. மைக்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எழுதிக்கோங்கம்மா. இவனப் பெத்தவ நான்."

இடுப்பைத் தாங்கியிருந்த கை விலகிக்கொண்டது.